வயலில் 5 சதவீதம், துகளில் 5 சிக்மா: யார் கணக்கு சரி?

வெண்ணாற்றங்கரை

வணக்கம். வேளாண் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குறுவைக்கு 20 நெல் கல்ச்சர்களை (இன்னும் ரகமாக வெளியிடப்படாத வரிசைகள்) வைத்து ஒரு மகசூல் சோதனை போட்டிருந்தேன். ஆர்பிடி (தொகுதி தொகுதியாகக் குலுக்கல் முறையில் பாத்தி ஒதுக்கும் அமைப்பு), 3 ரெப் (ஒவ்வொரு கல்ச்சரும் 3 பாத்திகளில்), பாத்தி அளவு 5க்கு 4 மீட்டர். செக், அதாவது ஒப்பீட்டு ரகம், ஆடுதுறை 43. அதில் ஒரு கல்ச்சர் செக்கை விட 8 சதவீதம் கூடுதல் மகசூல் தந்திருக்கிறது. ஆனால் சிடி மதிப்பு (வித்தியாசம் உண்மை என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி) அதற்கு மேலே நிற்பதால் "செக்குக்கு இணை" என்றுதான் எழுத முடியும். சிவி (பாத்திக்குப் பாத்தி வரும் சிதறல்) 12 சதவீதம்.

பிரச்சினை அதுவல்ல. என் மாமா மகன் சென்னையில் கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் பிஎச்டி செய்கிறான். பொங்கலுக்கு வந்தவன் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "20இல் ஒரு தடவை சும்மாவே வரக்கூடியதைக் கண்டுபிடிப்பு என்பீர்களா மச்சான்? எங்களிடம் 35 லட்சத்தில் ஒன்று என்றால்தான் பேச்சே" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கேள்வி இதுதான்: நமக்கு மட்டும் ஏன் 5 சதவீதம்? நாமும் அவர்களைப் போல 5 சிக்மா, அதாவது அந்த 35 லட்சத்தில் ஒன்று, வைத்தால் என்ன ஆகும்? அப்புறம், அவன் தாளும் பேனாவும் வைத்துக் கணக்குப் போடுகிறவன். ஒன்றையும் அளக்காத ஆளுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா?

சராசரி_அக்கா

கடைசிக் கேள்வியை உங்கள் குடும்பத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. முதல் இரண்டுக்கும் நான் சொல்கிறேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன்.

அந்த 5 சதவீதம் வயலில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிராட்பால்க் வயலில் 1843 முதல் கோதுமையில் உரச் சோதனை நடந்துவருகிறது. குவிந்து கிடந்த அந்தக் கணக்குகளை அலச 1919இல் ரொனால்ட் ஃபிஷர் போய்ச் சேர்ந்தார். பாத்திகளுக்குக் குலுக்கல் முறையில் ரகங்களை ஒதுக்குவது, அனோவா (வேறுபாடு ரகத்தாலா தற்செயலாலா என்று பிரித்துப் பார்க்கும் கணக்கு), இவையெல்லாம் அவர் அங்கிருந்த காலத்தில் உருவானவை. 1925இல் எழுதிய புத்தகத்தில் 20இல் ஒன்று என்பதை வசதியான எல்லையாக வைத்தார். வசதிக்காக வைத்ததுதான், வேதவாக்கு இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் அதை வேதவாக்காக்கிவிட்டன.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். துகள் இயற்பியலில் தரவைக் கோட்பாட்டோடு பொருத்திப் பார்க்கும் மேக்ஸிமம் லைக்லிஹுட் முறைக்கு ஃபிஷர் முழு வடிவம் கொடுத்தது 1922இல். அப்போது அவருக்குச் சம்பளம் கொடுத்தது வேளாண்மை. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை அதற்கும் முன்னே, 1908இல். அதை எழுதியவர் டப்ளினில் ஒரு பீர் ஆலையில் பார்லி தரம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

இப்போது உங்கள் சோதனைக்கு வருவோம். சிவி 12, ரெப் 3 என்றால் இரண்டு ரகங்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் திட்டப்பிழை, அதாவது ஒரு சிக்மா, 9.8 சதவீதம் வரும். அதை ஏறத்தாழ 2ஆல் பெருக்குங்கள், சிடி 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதாவது 8 சதவீத வித்தியாசத்தைப் பார்க்கும் கண்ணே இந்தச் சோதனைக்குக் கிடையாது. அந்த 8 சதவீதம் 2 சிக்மாவாகத் தெரியவே 18 ரெப் வேண்டும். 5 சிக்மா வேண்டுமென்றால் 113 ரெப். உங்கள் பாத்தி அளவில் 20 ரகத்துக்குப் போட்டால் 11 ஏக்கருக்கு மேல் ஆகும், வரப்பு வாய்க்காலைச் சேர்க்காமலே.

வெண்ணாற்றங்கரை

11 ஏக்கரா! எங்கள் பண்ணையில் எனக்குக் கிடைத்ததே வாய்க்கால் ஓரத்து மூலை அக்கா. அத்தனை ஏக்கருக்கும் ஒரே மண் எங்கே கிடைக்கும்? ஒரு பக்கம் களி, ஒரு பக்கம் மணல் கலந்திருக்கும். ரெப் கூடக் கூட மண் வேறுபாடும் கூடுமே.

சராசரி_அக்கா

கூடும். அதற்குத்தான் ஒரே இடத்தில் குவிக்காமல் பல இடத்தில், பல பருவத்தில் போடுகிறார்கள். அதைப் பற்றிப் பேச இங்கே என்னை விடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தரமணி_குவார்க்

நான் அந்த மச்சான் இல்லை, ஆனால் அதே சாதிக்காரன்: கோட்பாட்டுத் துகள் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். அவர் சொன்ன 35 லட்சம் சரிதான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நாங்கள் 5 சிக்மா கேட்பது ஒழுக்கத்தினால் அல்ல, பட்ட அடியினால். 2015 டிசம்பரில் ஜெனீவாவின் செர்ன் துகள் ஆய்வகத்தில் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு கருவிகளும் இரட்டை ஃபோட்டான் தரவில் 750 ஜிஇவி (ஆற்றல் அலகு) அருகே ஒரு சின்ன மேட்டைக் காட்டின. அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் அட்லஸில் 4 சிக்மாவுக்குக் கொஞ்சம் கீழே. வரைபடம் முழுக்க எங்கே மேடு வந்திருந்தாலும் கவனித்திருப்போம் அல்லவா? அதையும் கணக்கில் சேர்த்தால் 2 சிக்மா பக்கம் இறங்கிவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே எங்கள் கோட்பாட்டு ஆட்கள் அடுத்த சில மாதங்களில் 500 கட்டுரைகளுக்கு மேல் எழுதித் தள்ளினார்கள். புதுத் துகள், புது விசை, கூடுதல் பரிமாணம், எல்லாம் வந்தது. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு காணாமல் போனது.

உங்கள் 20 கல்ச்சரிலும் இதே பொறி உண்டு. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத 20 தனித்தனி ஒப்பீடுகளை 5 சதவீதத்தில் செய்தால், ஒன்றாவது "சிறப்பு" என்று வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. ஆகவே அட்டவணையில் முதலிடத்தில் நிற்கிற ரகத்தை அது முதலிடத்தில் நிற்கிறது என்பதற்காகவே சந்தேகப்பட வேண்டும்.

கருவேலங்காடு

இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கமுதிப் பக்கம் மிளகாயும் நெல்லும் போடுகிறவன். சிக்மா எனக்குப் பழக்கம்தான், ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. ஜெனீவாவில் ஒரு மேடு வந்து போனதால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. எங்கள் ஊர்ப் பயிர்க் காப்பீட்டுக்கு 4 இடத்தில் அறுத்து எடை போடுகிறார்கள். அந்த நாலு எடையை வைத்து ஊர் முழுக்க இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாகிறது. என் வயலில் கருக்காய்தான். ஊர்ச் சராசரி மட்டும் பிரமாதம் என்று வந்தது. இழப்பீடு பூஜ்யம். உங்கள் 35 லட்சத்தில் ஒன்று எல்லாம் எங்கே போனது? நாலே நாலு!

களர்நிலம்

தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்றவன். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு நிறைய வயல்களில் இறங்கியிருக்கிறேன்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கிராம அளவில் முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 சோதனை என்பது விதி. முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் போடுவார்கள். இந்த ஆண்டு ஊர்ச் சராசரி அதற்குக் கீழே போனால் இழப்பீடு. உங்கள் சொந்த வயலின் மகசூல் அந்தக் கணக்கிலேயே வராது. அதில் உங்கள் கோபம் நியாயம்.

சோதனை நடக்கும் விதத்தைப் படித்த பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் சமவாய்ப்பு எண் பார்த்து சர்வே எண்ணைத் தேர்ந்தெடுப்போம். வயலுக்குப் போய்த் தென்மேற்கு மூலையில் நின்று நீளமும் அகலமும் காலடியில் அளப்போம். மறுபடி சமவாய்ப்பு எண் பார்த்து, இத்தனை அடி உள்ளே, இத்தனை அடி பக்கவாட்டில் என்று நடந்து, நின்ற இடத்தில் முளையடிப்போம். பயிர் நன்றாக இருக்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா என்று பார்க்கவே கூடாது. அங்கிருந்து 5க்கு 5 மீட்டர் கயிறு. மூலைவிட்டம் 7.07 மீட்டர் வருகிறதா என்று பார்க்காவிட்டால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். பிறகு அறுத்து, அடித்து, தூற்றி, எடை.

25 சதுர மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 400ஆல் பெருக்க வேண்டும். தராசில் 100 கிராம் தவறினால் ஹெக்டேருக்கு 40 கிலோ தவறும். ஆனால் தராசு பெரிய எதிரி இல்லை. கயிறுதான். எல்லைக் கயிறு விழும் இடத்தில் நிற்கிற குத்து உள்ளேயா வெளியேயா? மனிதக் கை அதை உள்ளேதான் இழுக்கும். நான்கு பக்கமும் 10 செ.மீ. வெளியே நகர்ந்தால் 5 மீட்டர் 5.2 ஆகிறது. பரப்பு 25க்குப் பதில் 27.04. மகசூல் 8 சதவீதம் தானாகக் கூடிவிட்டது. திருவாளர் வெண்ணாற்றங்கரையின் கல்ச்சர் தந்த அதே 8 சதவீதம்!

இந்த விவகாரம் 1940களிலேயே பெரிய சண்டையாக நடந்தது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் சின்னச் சின்ன வட்டப் பாத்திகளை நிறைய இடத்தில் அறுத்தால் போதும் என்றார். இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே, சின்னப் பாத்தியில் ஓரப் பயிர் உள்ளே வந்து மகசூலை ஏற்றிக் காட்டும், பெரிய பாத்தி வேண்டும் என்றார். ஒரு மீட்டர் சதுரத்தில் அதே 10 செ.மீ. தவறினால் 44 சதவீதம் கூடும். நீங்களே பெருக்கிப் பாருங்கள். நாடு கடைசியில் பெரிய பாத்திப் பக்கம்தான் போனது. இதில் வேடிக்கை, மகலனோபிஸ் அடிப்படையில் இயற்பியல் படித்தவர். போஸும் சாகாவும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை மொழிபெயர்த்து 1920இல் வெளியிட்டபோது முன்னுரை எழுதியவர் அவர்தான்.

தரமணி_குவார்க்

ஐயா, கயிறு விஷயம் அப்படியே எங்கள் ஆப்பெரா என்ற நியூட்ரினோ சோதனையின் கதை. 2011 செப்டம்பரில் செர்னிலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாசோவுக்குப் போன நியூட்ரினோக்கள் (ஏறக்குறைய எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) ஒளியை விட 60 நானோ நொடி முந்தி வந்ததாக அறிவித்தார்கள். 6 சிக்மா! மச்சானின் அளவுகோல்படி சந்தேகத்துக்கே இடமில்லை. கடைசியில் பார்த்தால் ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, கடிகாரத்திலும் ஒரு கோளாறு.

நாலு இடத்தில் அறுத்தாலும் நானூறு இடத்தில் அறுத்தாலும் கயிறு வெளியே விழுகிறது என்றால் அதே தவறுதான் வரும். தரவு கூடக் கூடத் தவறான எண்ணின் மேல் நம்பிக்கைதான் கூடும்.

இந்த இடத்தில்தான் கோட்பாட்டு ஆட்களுக்கு வேலை. கேபிள் பிடிபடுவதற்கு முன்பே, அதே செப்டம்பரில், கோஹனும் கிளாஷோவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூட்ரினோ அந்த வேகத்தில் போனால் வழியிலேயே எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடிகளை உமிழ்ந்து ஆற்றலை இழந்திருக்க வேண்டும், கிரான் சாசோவுக்கு அவ்வளவு ஆற்றலோடு வந்து சேர்ந்திருக்கவே முடியாது என்று காட்டினார்கள். அளக்காத ஆளுக்குக் கேட்க உரிமை உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த சுதர்சன். 1957இல் அவரும் மார்ஷக்கும் வலுவற்ற அணுவிசை பற்றிய வி-ஏ கோட்பாட்டை முன்வைத்தபோது அதற்கு எதிராக நான்கு சோதனை முடிவுகள் இருந்தன. அந்தச் சோதனைகளை மறுபடி செய்யுங்கள் என்று துணிந்து எழுதினார்கள். செய்தார்கள். கோட்பாடு நின்றது.

போடிமெட்டு

நியூட்ரினோ என்ற சொல்லைப் பார்த்தபின் எங்கள் பக்கத்துக்காரன் சும்மா இருக்க முடியுமா? தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலைக்குள் 2 கி.மீ. சுரங்கம், 50,000 டன் இரும்பு, 1,500 கோடி என்று 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இன்றுவரை கல் நகரவில்லை. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது, 2018இல் மறுபடி அனுமதி, அப்புறம் உச்ச நீதிமன்றம், மாநில அரசும் எதிர்ப்பு. மதுரையில் 85 டன்னில் சின்ன மாதிரி மட்டும் ஓடுகிறது. இதற்கிடையே சீனாவின் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் 2025இல் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது.

நான் இரண்டு பக்கத்தையும் திட்டுவேன். மானாவாரிக் காட்டையும் மாட்டு மேய்ச்சலையும் நம்பி இருக்கிறவரிடம் போய் "துகள் உங்களை ஒன்றும் செய்யாது" என்று மட்டும் சொன்னார்கள். அவர் கேட்டது துகளைப் பற்றி இல்லை. வெடி வைத்தால் ஊற்று நிற்குமா, கல்லை எங்கே கொட்டுவீர்கள், மாட்டை எங்கே ஓட்டுவது என்று கேட்டார். மறுபக்கம், நியூட்ரினோவால் பயிர் கருகும் என்று மேடையில் பேசியவர்களும் உண்டு. ஒவ்வொரு நொடியும் நம் உடம்புக்குள் கோடானுகோடி நியூட்ரினோ புகுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கி.மீ.க்கு மேல் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு, அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழு. அந்தச் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பகுதி நம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள். அன்று யாரும் பயப்படவில்லை.

கருவேலங்காடு

அன்று சுரங்கம் ஏற்கனவே இருந்தது சகோ. புதிதாக மலையைக் குடையவில்லை. அந்த வித்தியாசம் பெரிது.

போடிமெட்டு

ஒத்துக்கொள்கிறேன்.

நெறியாளர்

பொட்டிப்புரத்துக்கு ஏற்கனவே தனி இழை ஓடுகிறது. அரசியல் அங்கே. 9 பதிவுகள் நகர்த்தப்பட்டன.

நாற்றங்கால்

பயிர் இனப்பெருக்கத்தில் இருக்கிறேன். எல்லோரும் ஒற்றுமையைப் பேசிவிட்டீர்கள், வித்தியாசத்தை யாரும் தொடவில்லை. ஜெனீவா புரோட்டானும் மன்னார்குடி புரோட்டானும் ஒன்றுதான். ஆகவே ஒரே கருவியில் கோடிக்கணக்கில் மோதவிட்டு, கிடைத்த விடையை உலகத்துக்கே சொல்லலாம். ஆடுதுறைப் பாத்தி வேறு, அம்பாசமுத்திரம் பாத்தி வேறு. 113 ரெப்பை ஆடுதுறையிலேயே போட்டு 5 சிக்மா வாங்கினாலும் அது ஆடுதுறைக்கு, அந்தக் குறுவைக்கு மட்டும்தான் உண்மை. அதனால்தான் நாம் நிலையத்தில் பார்த்து, எம்எல்டி (பல இடச் சோதனை) போட்டு, பிறகு ஏஆர்டி (தகவமைவு ஆய்வுச் சோதனை) என்று உழவர் வயலுக்கே கொண்டுபோய், ஆண்டுக்கணக்கில் இழுக்கிறோம். வெளியில் இருந்து பார்த்தால் ஜவ்வு மாதிரி இருக்கும்.

அப்படி இழுத்துப் பார்த்தும் பின்னால் ஏமாறலாம் என்பதற்குக் கரும்பைப் பாருங்கள். கோவையில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதால்தான் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே வைத்தார்கள். பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் காட்டுக்கரும்பை வெள்ளைக் கரும்போடு கலந்து கோ 205ஐ எடுத்தார்கள். கோவையில் பிறந்தது பஞ்சாபுக்குப் போய்ப் பேர் வாங்கியது. நூறு வருஷம் தள்ளி வாருங்கள். அதே நிலையத்தின் கர்னால் மையம் கொடுத்த கோ 0238 உத்தரப் பிரதேசத்தில் அமோகமாகப் பரவியது. மகசூலும் சர்க்கரையும் அள்ளியது. சோதனையில் ஒரு குறையும் இல்லை. பரப்பு முழுக்க ஒரே ரகம் ஆனபின் செவ்வழுகல் நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொண்டு வந்து அடித்தது. துகள் அப்படித் திருப்பி அடிக்காது. ஹிக்ஸ் 1964இல் தாளில் எழுதிய துகள் 2012இல் பிடிபடும் வரை மாறாமல் காத்திருந்தது.

சராசரி_அக்கா

அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சிக்மாவே வேண்டாம். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல்லிலிருந்து வந்த, வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கவைக்கும் சப்1 மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் அதை அடையாளம் கண்டார்கள், பிறகு நம் சிஆர் 1009 நெல் ரகத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்த வயலில் ஒரு பாத்தி துளிர்க்கிறது, பக்கத்துப் பாத்தி அழுகிக் கிடக்கிறது. அங்கே அனோவா போடுவது சம்பிரதாயம்.

வெண்ணாற்றங்கரை

இதையெல்லாம் மச்சானுக்கு அனுப்பினேன். அவன் பதிலை அவன் அனுமதியோடு ஒட்டுகிறேன்: "சரி, 5 சிக்மாவைப் பற்றிப் பேசியதைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் உன் பிழை எங்கிருந்து வருகிறது என்பது உனக்குக் கண்ணால் தெரிகிறது. எங்களுக்கு மியூவான் ஜி-2வில் (மியூவான் துகளின் காந்தத்தன்மையை அளக்கும் சோதனை) 2021இல் அளவீட்டுக்கும் கோட்பாட்டுக்கும் 4.2 சிக்மா இடைவெளி இருந்தது. சோதனைக்காரர்கள் இன்னும் நுட்பமாக அளந்தும் எண் அசையவில்லை. அசைந்தது கோட்பாட்டுப் பக்கம். கணினியில் போடும் லாட்டிஸ் கணக்குகள் வந்து 2025இல் இடைவெளியே மூடிக்கொண்டது. அதாவது தாளும் பேனாவும்தான் சாய்ந்த கயிறு."

தரமணி_குவார்க்

நல்ல மச்சான். அவரை இங்கே உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள்.

கருவேலங்காடு

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டது சந்தோஷம். என் நாலு அறுப்பு அப்படியே நிற்கிறது. அக்கா, அந்த நாலு எவ்வளவு மோசம் என்று ஒரு எண் சொல்லுங்கள். அடுத்த குறைதீர் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

சராசரி_அக்கா

உங்கள் ஊரில் வயலுக்கு வயல் மகசூல் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பேச்சுக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு அறுப்பின் சராசரியில் திட்டப்பிழை 12.5 சதவீதம். உண்மைச் சராசரி உத்தரவாத மகசூலுக்கு 10 சதவீதம் கீழே இருந்தாலும், ஐந்து ஊரில் ஒரு ஊருக்காவது "இழப்பில்லை" என்று வந்துவிடும். அதிர்ஷ்டம் எதிர்ப்பக்கம் அடித்தால் இழப்பே இல்லாத ஊருக்கும் பணம் போகும். நாலை 16 ஆக்கினால் பிழை பாதியாகும், வேலை நாலு மடங்காகும். செயற்கைக்கோள் படத்தைக் கலந்து இதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள்.

களர்நிலம்

கூட்டத்தில் கேட்கும்போது எத்தனை அறுப்பு என்பதோடு நிற்காதீர்கள் தம்பி. எந்தெந்த சர்வே எண், எந்தத் தேதி, பச்சை எடை எவ்வளவு, காய்ந்த எடை எவ்வளவு என்று கேளுங்கள். அறுக்கும் அன்று வயலில் போய் நில்லுங்கள், மூலைவிட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். தேர்வான எண்ணில் உங்கள் பயிர் இல்லையென்றால் அடுத்த சமவாய்ப்பு எண்ணுக்குத்தான் போக வேண்டும். சாலையோரம் வசதியாக இருக்கிறது என்று அங்கே கயிறு போட்டால் எழுதிக் கொடுத்து ஆட்சேபியுங்கள்.

வெண்ணாற்றங்கரை

ஐயா, கோவையில் 1909 முதல் ஓடுகிற நிரந்தர உரச் சோதனை வயலைப் போன மாதம் பார்க்கப் போனேன். அங்கே பாத்திகள் நூறு வருஷமாக அதே எல்லைக்குள் நிற்பதால் இந்தக் கயிறுச் சிக்கல் இல்லை என்று நினைத்தேன். ஆனாலும் பாத்திக்குப் பாத்தி மண் ஓட்டம் இருக்குமே?

களர்நிலம்

இருக்கும். மழையில் வரப்பு கரையும், உழும்போது மண் இழுபடும். அதனால் எந்த நீண்டகாலச் சோதனையிலும் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில்தான் மாதிரி எடுக்க வேண்டும். உங்கள் ஆய்வேட்டில் ஓரவரிசையை நீக்கினீர்களா?

வெண்ணாற்றங்கரை

இரண்டு வரிசை நீக்கித்தான் அறுத்தேன் ஐயா. நெட் பிளாட் (ஓரம் போக அறுத்த பரப்பு) அளவும் எழுதியிருக்கிறேன். "செக்குக்கு இணை" என்பதோடு, வித்தியாசம் 8, பிழை எல்லை கூட்டல் கழித்தல் 20 என்றும் போடப் போகிறேன். அந்தக் கல்ச்சரை எம்எல்டிக்கு அனுப்பலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். 20இல் முதல் 5ஐயும் அனுப்பு, ஒன்றை மட்டும் அனுப்பாதே என்றார்.

நாற்றங்கால்

சரியாகச் சொல்லியிருக்கிறார். அம்பாசமுத்திரத்துக்கு ஒரு செட் அனுப்பச் சொல்லுங்கள். விதை எவ்வளவு கையில் இருக்கிறது?